அவனுக்குச் சிறுதேர், அவளுக்கு ஊஞ்சல்

இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டுக்குச் சிற்றிலக்கியம் நடத்தும்போது பிள்ளைத்தமிழில் ஓர் இரண்டு மதிப்பெண் வினா தவறாமல் வரும். ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் உள்ள வேறுபாடு யாது? விடை எல்லோருக்கும் மனப்பாடம். காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவங்கள் இருவருக்கும் பொது. கடைசி மூன்று மட்டும் வேறு. ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். நானும் மாணவியாக இருந்தபோது இதை எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கியவள்தான். பல வருஷம் நடத்தியும் இருக்கிறேன். போன வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "தேர் தெருவுல போகும். ஊஞ்சல் எங்க மேடம் போகும்?"

வகுப்பு சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஊஞ்சல் எங்கும் போகாது. எவ்வளவு வீசி ஆடினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அம்மானைக் காய் மேலே போய்க் கைக்கே திரும்பும். நீராடப் போனவள் தோழியர் சூழப் போய்த் தோழியர் சூழத் திரும்புவாள். மூன்றிலும் அசைவு உண்டு, பயணம் இல்லை. அவன் கதை வேறு. தெருவுக்கு வருகிறான். சிறுமியர் மணலில் கட்டிவைத்த சிறுவீட்டைக் காலால் எற்றி அழிக்கிறான். பறை கொட்டித் தன் வரவை ஊருக்குச் சொல்கிறான். தேரை உருட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். வீட்டை விட்டு வெளியே வந்த ஆண்குழந்தை, பெண்குழந்தைகள் கட்டிய வீட்டைத்தான் முதலில் உடைக்கிறது. உடைக்காதே என்று அந்தச் சிறுமியர் கெஞ்சுவதுதான் பாட்டு. இதற்குக் 'குறும்பு' என்று பெயர் வைத்து, நயம் பாராட்டி, நெட் தேர்வு வரைக்கும் கொண்டுபோயிருக்கிறோம்.

பாட்டியல்காரர்களின் ஒரு கணக்குப்படி இந்தப் பத்துப் பருவமும் 21ஆம் மாதத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு வயதுகூட நிரம்பாத பிள்ளைகளில் யார் தெருவுக்கு, யார் முற்றத்துக்கு என்று அதற்குள் பிரித்தாகிவிட்டது.

பழைய இலக்கணம்தானே, இன்றைக்கு என்ன என்று கேட்கலாம். இன்றைக்கும் தமிழில் சிறுவர் கதை அதே இலக்கணத்தில்தான் நடக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. 'சிறுவர்' என்ற சொல்லைச் 'சிறார்' என்று மாற்றிக்கொண்டோம். கதைக்குள் யார் புறப்படுகிறார், யார் வழியனுப்புகிறார் என்பது மாறவில்லை. பெண்குழந்தையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறாள். எட்டு வயதில், ஒன்பது வயதில், துறுதுறுவென்று, கேள்வி கேட்டுக்கொண்டு, மரம் ஏறிக்கொண்டு இப்போதைய கதைகளில் நிறையவே இருக்கிறாள். பதின்மூன்று வயதில் எங்கே போனாள்? ஆண்பிள்ளைக்குச் சாகசம் தொடங்குகிற வயது அது. தீவு, குகை, கடத்தல்காரர்கள், புதையல் எல்லாம் பன்னிரண்டிலிருந்து பதினாறுக்குள்தான் அவனுக்கு நடக்கின்றன. அதே வயதில் அவள் காணாமல் போய்விடுகிறாள். மறுபடி தென்படும்போது பத்தொன்பது வயதாகியிருக்கிறது, கதை காதல்கதையாகியிருக்கிறது.

நான் காணாமல் போன தேதி எனக்குத் தெரியும். 1992, முழுப் பரீட்சை லீவு. கோகுலம், பூந்தளிர், அம்புலிமாமா, அண்ணன் வாடகைக்கு எடுத்துவரும் முத்து காமிக்ஸ் என்று கிடைத்ததையெல்லாம் படித்துத் தீர்த்துவிட்டு, கிளை நூலகத்தில் எடுத்த ஒரு சாகச நாவலில் பாதி வரை வந்திருந்தேன். நான்கு பையன்கள் பாழடைந்த கோட்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் எனக்குச் 'சடங்கு' ஆனது. பதினாறு நாள் கொல்லைப்புறத்தில் பச்சை ஓலைக்குள் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கேட்டேன். "தீட்டோட சரஸ்வதியத் தொடக்கூடாது" என்றாள் அப்பத்தா. வெளியே வந்தபோது அபராதம் போடுவார்கள் என்று அண்ணன் அதை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தான். பிறகு நூலகத்துக்கு என்னை அனுப்பவில்லை. வழியில் டீக்கடை இருக்கிறதாம். அந்த டீக்கடை அதற்கு முந்தின மாதமும் அதே இடத்தில்தான் இருந்தது.

இது சின்ன இழப்பு என்று எனக்குத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, தஞ்சை மாவட்டத்தில் வயதுக்கு வந்த ஒரு சிறுமியை வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் உட்கார வைத்திருந்தார்கள். தென்னைமரம் விழுந்து இறந்துபோனாள். புயல் வருகிறது என்று அரசாங்கம் நாட்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வகுப்பு எடுக்கவில்லை. புயல், தனிமை, இருட்டு, உயிராபத்து என்று ஒரு சாகசக் கதைக்கு வேண்டிய எல்லாமே அந்த இரவில் இருந்தன. கதவைத் திறந்துகொண்டு ஓடலாம் என்று அவளுக்குச் சொல்லியிருந்த கதை மட்டும்தான் இல்லை.

நாம் சொன்ன கதைகள் எவை? பாட்டி வடை சுட்ட கதையிலிருந்தே தொடங்கலாம். அதில் உழைத்துச் சம்பாதிப்பவள் பாட்டி ஒருத்திதான். வடை திருடு போகிறது. அப்புறம் கதை காக்கையுடையது, நரியுடையது. ஏமாற்றியவன், ஏமாந்தவன், இருவருக்கும் நீதி சொல்லி முடிக்கிறோம். வடைக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று எந்தப் பாடநூலும் பயிற்சி வினா கேட்டதில்லை. விக்கிரமாதித்தன் கதைக்குப் போனால், வேதாளம் கேட்கும் புதிர்களில் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பெண் இறந்துபோகிறாள். அவளை விரும்பிய மூன்று பேரில் ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான், ஒருவன் சாம்பலோடு கிடக்கிறான், ஒருவன் மந்திரம் கற்றுவந்து உயிர்ப்பிக்கிறான். அவள் யாருக்குச் சொந்தம்? தலை சுக்குநூறாகிவிடும் என்ற பயத்தில் விக்கிரமாதித்தன் யோசித்துப் பதில் சொல்கிறான். செத்துப் பிழைத்தவள் அங்கேயே நிற்கிறாள். வேதாளத்துக்கும் சரி, ராஜாவுக்கும் சரி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. ராஜகுமாரன் ஏழு கடல் தாண்டி வந்தால் ராஜகுமாரியும் பாதி ராஜ்யமும் கிடைக்கும் என்ற கதைகளை அம்புலிமாமாவில் ஆசையாகப் படித்த தலைமுறை நாம். பரிசுப் பொருளுக்குப் பயணம் கிடையாது. அது வைத்த இடத்தில் இருக்க வேண்டும்.

புறப்பட்டுப் போன பெண்களே கதையில் இல்லையா என்றால், மூன்று பேர் உடனே நினைவுக்கு வருகிறார்கள். மூவருமே வளர்தலைக் கொடுத்துத்தான் வழியை வாங்கியிருக்கிறார்கள்.

முதலாவது ஔவை. கல்யாணப் பேச்சு எடுத்ததும் பிள்ளையாரிடம் போய் அழுது இளமையைத் துறந்து கிழவியாகிறாள். பிறகுதான் ஊர் ஊராகப் போகிறாள், நாவல் மரத்தடியில் நிற்கிறாள், அரசர்களிடம் நேருக்கு நேர் பேசுகிறாள். கே.பி. சுந்தராம்பாள் நடித்த படமும் இந்தக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. குழந்தைகளுக்கு இதைப் பக்திக் கதையாகச் சொல்கிறோம். பதின்மூன்று வயதுப் பெண்ணின் காதில் அது எப்படி விழும்? ஊர் சுற்ற வேண்டுமா, உடம்பை ஒப்படைத்துவிட்டுப் போ. இத்தனைக்கும் சங்க ஔவை கிழவியே அல்ல. அதியமானோடு கள் பகிர்ந்தவள், தொண்டைமானிடம் தூது போனவள். புறநானூறு அவளை அப்படித்தான் காட்டுகிறது. அவளை மறுபடி இளம்பெண்ணாக மேடையேற்ற இன்குலாப் நாடகம் எழுத வேண்டியிருந்தது, அ. மங்கை இயக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் இன்னும் கோலூன்றிய கிழவிதான் வருகிறாள். ஆறு வயதுக் குழந்தைக்கு வெள்ளை விக் வைத்து அனுப்புகிறோம். நானும் அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாவது மதுரைக்காரி. தடாதகையை ஆண்பிள்ளைபோல வளர்க்கச் சொல்லித்தான் அசரீரி உத்தரவிடுகிறது. அவள் படை நடத்தித் திசையெல்லாம் வென்று கயிலாயம் வரைக்கும் போகிறாள். நந்தியின் கணங்களையே முறியடிக்கிறாள். சிவனைப் பார்த்த மாத்திரத்தில் மூன்றாவது முலை மறைகிறது, நாணம் வருகிறது, திக்விஜயம் முடிகிறது. அதன் பிறகு கதையில் அவளுக்கு இருப்பது கல்யாணம். சித்திரை மாதம் மதுரையே திரண்டு அதைப் பார்க்கிறது. நானும் கூட்டத்தில் நின்று கண்கலங்கியவள்தான். கயிலாயம் வரை போன ஒருத்தி தன் உடம்பில் ஒன்று குறைந்ததும் பெண்ணாக முழுமை அடைந்தாள் என்று சொல்லும் கதை அது. அவள் பேரில் குமரகுருபரர் பாடிய பிள்ளைத்தமிழும் ஊசல் பருவத்தில்தான் முடிகிறது. திசைகளை வென்றவளுக்கும் கடைசியில் ஊஞ்சல்தான்.

மூன்றாவது வெளிநாட்டுக்காரி. ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1945இல் எழுதிய பிப்பி. ஒன்பது வயது. குதிரையை ஒற்றை ஆளாய்த் தூக்குவாள், தனியாக வாழ்வாள், பெரியவர் யாருக்கும் பணியமாட்டாள். உலகத்துச் சிறுமிகள் எல்லாம் கொண்டாடுகிற பெண். மூன்றாவது புத்தகத்தின் முடிவில் அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? வளராமல் இருக்க ஒரு மாத்திரை விழுங்குகிறாள். ஔவை பருவத்தைத் தாண்டிக் குதித்தாள், பிப்பி அதற்கு முன்னாலேயே நின்றுகொண்டாள். நடுவில் இருக்கும் அந்தப் பத்து வருஷத்தை இரண்டு பேருமே மிதிக்கவில்லை. (எனிட் பிளைட்டனின் ஐவரில் ஜார்ஜ் தலைமுடியை வெட்டிக்கொண்டு பையனாகத் திரிவதால் தப்பிக்கிறாள். பெண்ணாகவே இருக்கும் ஆன் குகைக்குள் போனாலும் தட்டு அடுக்கி வைக்கிறாள்.)

நம் உலா நூல்களோ இந்தப் பருவங்களை எண்ணி எண்ணிப் பாடியிருக்கின்றன. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டுடைத் தலைவன் யானைமேல் வீதி வருவான். ஏழு பருவத்தாரும் நின்று பார்த்து மயங்குவார்கள். ஐந்து வயதுப் பேதைக்கும் நிற்கும் வேலைதான். பேரிளம்பெண் நாற்பதோடு முடிந்துவிடுகிறாள். எனக்கு நாற்பத்தாறு. கணக்குப்படி எனக்குப் பருவமே இல்லை. நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்றுதான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

இனி, வழக்கமான மறுப்பு. "காலம் கெட்டுக் கிடக்கிறது, பெண்பிள்ளை தனியாகப் போகிற கதையை எழுதி ஆபத்தை விலைக்கு வாங்கவா?" கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், பெரும்பாலும் அம்மாக்கள். ஆனால் ஆண்பிள்ளை கதையில் ஆபத்துதானே கதையை நடத்துகிறது? கொள்ளைக்காரன் துப்பாக்கி நீட்டுகிறான், முதலை வாய் பிளக்கிறது, கயிறு அறுகிறது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஆகாது என்று யாரும் சொல்வதில்லை. தைரியம் வரும் என்று சொல்லி வாங்கிக் கொடுக்கிறோம். அதோடு, எந்த ஆபத்து எங்கே இருக்கிறது என்பதிலும் நம் கதைகள் பொய் சொல்கின்றன. குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பான்மையானவற்றில் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருஷந்தோறும் சொல்கின்றன. உறவினர், அண்டை வீட்டார், பழகியவர். கதைப் புத்தகத்தில் ராட்சசன் காட்டில் இருக்கிறான், வீடு பத்திரமாக இருக்கிறது. தாத்தா நல்லவர், மாமா மிட்டாய் வாங்கி வருவார். வீட்டுக்குள் தப்பிக்க வேண்டியிருக்கும் சிறுமிக்கு இந்தக் கதை செய்யும் துரோகத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இன்னொரு மறுப்பு என் மாணவிகளிடமிருந்தே வந்தது. அதுதான் என்னை உறங்கவிடாதது. உங்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் நடந்த சாகசம் ஒன்றை எழுதி வாருங்கள் என்று சொன்னேன். பாதிப் பேர் தாள் வெறுமையாக வந்தது. ஒருத்தி, காணாமல் போன ஆட்டைத் தேடி ராத்திரி கண்மாய்க்குள் டார்ச் இல்லாமல் போனதை எழுதியிருந்தாள். ஆட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அடி விழுந்தது, ராத்திரி வெளியே போனதற்கு. "இது சாகசமா மேடம்? வேலைதானே" என்று கீழே எழுதியிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஓலைக்குள் உட்கார்ந்து புத்தகத்துக்கு அழுத என் துக்கம் ஒரு வகை வீட்டின் துக்கம். வெளியே போகாமல் பிழைக்கவே முடியாத வீடுகளின் பெண்பிள்ளைகள் எப்போதும் வெளியேதான் இருந்தார்கள்.

1990இல் சலம் பென்னுர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தைப் பாருங்கள். பொழுது விடியுமுன் சிவகாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்துகள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்குப் போகின்றன. அதன் பிறகு வந்தது நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்'. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்களைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் கூட்டிப்போனார்கள். மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டு, ஷிப்டு முறையில் வேலை, பஞ்சுத் தூசு, வாரத்தில் ஒரு போன். மூன்று வருஷம் முழுசாக முடித்தால் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும், அதில் கல்யாணத்துக்கு நகை வாங்கலாம். இடையில் உடம்பு முடியாமல் திரும்பியவர்கள் பலருக்கு அதுவும் இல்லை. சாகசக் கதையின் சட்டகத்தில் இதை வைத்துப் பாருங்கள். வீட்டை விட்டுப் புறப்பாடு இருக்கிறது, மதில் சூழ்ந்த இடம் இருக்கிறது, காவல்காரன் இருக்கிறான், மூன்று வருஷக் கெடு இருக்கிறது, முடிவில் புதையலும் இருக்கிறது. அந்தப் புதையல் பிடித்துவைத்த அவளுடைய சொந்தக் கூலி. கிடைத்ததும் அது இன்னொருவன் வீட்டுக்குப் போகும். சுவரேறித் தப்பி வந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருத்தி நம் சிறார் நாவல் ஒன்றின் நாயகியாக இருக்கிறாளா?

சோகக் கதையாக வேண்டுமானால் எழுதுவார்கள். அதில் நமக்குக் கைதேர்ந்த பயிற்சி உண்டு. நல்லதங்காளில் தொடங்குகிறது அது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு பிறந்த வீடு தேடி நடந்தவள், அண்ணி விரட்ட, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். இதை அண்ணன் தங்கை பாசக் கதை என்று சொல்லிப் பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறோம். புறப்பட்ட பெண் கிணற்றில் முடிவாள் என்பதுதான் என் அப்பத்தா மடியில் நான் கேட்டது. நம் காலத்தில் இரா. நடராசனின் 'ஆயிஷா'. ஆசிரியப் பயிற்சி முகாம்களில் கண்ணீரோடு கைமாறிய கதை, பள்ளிக்கூட வன்முறையைப் பற்றித் தமிழ்நாட்டைப் பேசவைத்த கதை. அந்த மரியாதை எனக்கு இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். தமிழ்க் கதையில் விஞ்ஞானக் கேள்வி கேட்ட சிறுமி, பிரம்படி வலிக்காமலிருக்கத் தன் உடம்பிலேயே சோதனை செய்து ஏன் சாக வேண்டும்? ஆசிரியை மனம் திருந்துகிறாள். வாசகர் மனம் திருந்துகிறார். ஆயிஷா பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. பெண்குழந்தையின் மரணத்தைப் பெரியவர்களின் ஞானோதயத்துக்குச் செலவழிக்கும் பழக்கத்தை நாம் எப்போது விடப்போகிறோம்?

வேறு மாதிரி கதையே இந்த மண்ணில் கிடைக்காது என்பதும் உண்மையல்ல. நான் ஓலைக்குள் உட்கார்ந்திருந்த அந்த 1992இல்தான், பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த சமயம். கல்குவாரித் தொழிலாளிகள், வயல்வேலை செய்பவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளிச் சிறுமிகள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். கிண்டலும் கேலியும் கேட்டுக்கொண்டே ஓட்டினார்கள். பி. சாய்நாத் போய்ப் பார்த்து எழுதினார். அது இந்தியில் பாடமாகி, என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் பல வருஷம் இருந்தது. பாட்னாவிலும் போபாலிலும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களின் சாகசத்தைப் படித்துப் பரீட்சை எழுதினார்கள். அறுபது, எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்த எனக்கு அது முப்பது வயதில்தான் தெரிய வந்தது.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. போன மே மாதம் ஒரு சாகச நாவல் படித்துவிட்டு வந்து நின்றாள். அந்தத் தீவில் அவர்கள் பதினோரு நாள் இருக்கிறார்கள். கத்தி, கயிறு, தீப்பெட்டி, பிஸ்கட், டார்ச் என்று என்னென்ன எடுத்துப்போனார்கள் என்று ஒரு பக்கம் முழுக்கப் பட்டியல் இருக்கிறது. "அந்தப் பொண்ணுக்கு அங்க பீரியட்ஸ் வந்தா என்னம்மா பண்ணுவா? லிஸ்ட்ல ஒண்ணும் இல்லையே" என்றாள். கயிறு எத்தனை முழம் என்று எழுதத் தெரிந்த ஆசிரியருக்கு இது தோன்றவில்லை. முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருஷம் நூல்களுக்குள் கிடந்த எனக்கும் தோன்றியதில்லை.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒரு கதை எழுதினேன். நான்கு பெண்பிள்ளைகள், பதின்மூன்று பதினான்கு வயது, மலையில் காணாமல் போன ஒருத்தியின் அக்காவைத் தேடிப் போகிறார்கள். அக்கா நூற்பாலையிலிருந்து தப்பி வந்தவள். போகிற வழியில் ஒருத்தி வயதுக்கு வருகிறாள். துணியைக் கிழித்து, ஓடையில் துவைத்து, பாறையில் காயப்போட்டுவிட்டு மேலே ஏறுகிறார்கள். யாரும் சாகவில்லை. சிறார் நூல் போடும் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினேன். கதை விறுவிறுப்பாக இருக்கிறது, அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிட்டால் உடனே போடலாம், இல்லையென்றால் பள்ளி நூலகங்களில் வாங்கமாட்டார்கள் என்றார். புலி வரும் அத்தியாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அத்தியாயத்தை எடுக்கவில்லை. கையெழுத்துப் பிரதி இரண்டாம் ஆண்டு மாணவிகளிடம் ஜெராக்ஸாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊஞ்சல் எங்கே போகும் என்று கேட்டவள்தான் இப்போது வைத்திருக்கிறாள். பக்க ஓரங்களில் பென்சிலால் திருத்தம் போட்டிருக்கிறாளாம். மலைப்பாதையில் அவ்வளவு தூரத்தை ஒரே நாளில் ஏற முடியாது, ஆடு மேய்க்கப் போனவர்களைக் கேட்டிருக்கலாமே மேடம் என்று எழுதியிருப்பதாகத் தோழி ஒருத்தி சொன்னாள். திங்கட்கிழமை வாங்கிப் பார்க்க வேண்டும்.